அப்பத்தா வாங்கிய டப்பா

போன காரியம் ஒன்று. எழுத நேர்ந்தது வேறொன்று. பத்திரிகைத் தொழிலில் இது புதிதல்ல. "தை பிறக்கப் போகிறது. திருச்சுழிப் பக்கம் குதிரைவாலி அறுவடை நடக்கும். போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வாரும்" என்று ஆசிரியர் என்னை அனுப்பி வைத்தார். நானும் நோட்டுப் புத்தகமும் கையுமாகக் கிளம்பினேன்.

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் அருப்புக்கோட்டையில் இறங்கி, திருச்சுழி பஸ்ஸில் ஏறினேன். நெசவாளர் தெருக்களின் தறிச் சத்தம் காதை விட்டு அகலுவதற்குள் கரிசல் காடு வந்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு மண். இங்கே கொஞ்சம் மல்லி, அங்கே கொஞ்சம் கம்பு, நடுவே யாருக்கும் அடங்காத சீமைக் கருவேலம். வானம் பார்த்த பூமி. ரமண மகரிஷி 1879-ஆம் ஆண்டில் பிறந்த திருச்சுழியை ஒட்டிக் குண்டாறு ஓடுகிறது. "ஓடுகிறது" என்று எழுதுவது வழக்கத்தை உத்தேசித்துத்தான். வருஷத்தில் பெரும் பகுதி அங்கே மணலைத்தான் பார்க்கலாம்.

திருச்சுழிக்கு அப்பால் ஒரு சிறு கிராமம். களத்து மேட்டைப் பார்த்துவிட்டு வெயில் தாங்காமல் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினேன். எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் வெளியே வந்தார். ஊரே அவரை 'அப்பத்தா' என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீக. குடிக்க என்ன வேணும்?"

"கம்மங்கூழ் இருந்தால் கொடுங்கள், அப்பத்தா."

அப்பத்தாவின் முகம் சுருங்கிவிட்டது. "கூழா? பட்டணத்துல இருந்து வந்த பிள்ளைக்குக் கூழையா குடுக்கிறது? சத்துப் பொடி கரைச்சுத் தாரேன், இருங்க" என்று உள்ளே போய், பளபளவென்று மின்னும் ஒரு டப்பாவோடு திரும்பி வந்தார். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம்! டப்பாவில் ஒரு கிழவரும் கிழவியும் சிரித்தபடி ஓடிக்கொண்டிருந்தார்கள். விலை 980 ரூபாய் என்று அச்சிட்டிருந்தது.

"எதுக்கு அப்பத்தா இவ்வளவு விலை?"

"தாத்தாவுக்குச் சர்க்கரை தம்பி. நம்ம சொந்தக்காரப் பயதான் அருப்புக்கோட்டையில இருந்து கொண்டாந்தான். 'ரெண்டு கரண்டி குடிச்சா சர்க்கரை இருந்த இடம் தெரியாது, மாத்திரையே வேணாம்'னு சொன்னான். இது மூணாவது டப்பா. மல்லி வித்த காசு இருந்துச்சு."

நான் மாடக்குழியைப் பார்த்தேன். அங்கே பிரிக்காத மாத்திரைப் பட்டைகள் அடுக்கி வைத்திருந்தன. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தில், வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போகும் மாத்திரைகள். காசில்லாமல் வந்த மருந்து மாடக்குழியில் உறங்கியது. காசு கொடுத்து வந்த பொடி சாமி படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

பேத்தி படித்த பாடம்

அந்த வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி ஒருத்தி இருந்தாள். டப்பாவை அவள் கையில் கொடுத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படி, பார்க்கலாம்" என்றேன். முன்பக்கத்தில் இருந்த பெரிய எழுத்துக்களை வேகமாகப் படித்தாள். திருப்பினாள். எறும்பு ஊர்வது போன்ற சின்ன எழுத்துக்கள். கண்ணருகே கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கூட்டினாள்.

"நாட்... ஃபார்... மெடிசினல்... யூஸ்."

"அப்படி என்றால்?"

"மெடிசின்னா மருந்து. நாட்னா இல்லை." சற்று யோசித்தாள். "அப்பத்தா, இது மருந்து இல்லையாம்!"

திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த தாத்தா மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பய ஒரு மணி நேரம் பேசுனான் தம்பி" என்றார் அப்பத்தா. "இதை மட்டும் சொல்லலையே!"

குதிரைவாலி போகட்டும், அதை அடுத்த இதழில் எழுதிக்கொள்ளலாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

சட்டம் சொல்வது என்ன?

அப்பத்தாவின் டப்பாவில் இருந்தது ஒரு "ஹெல்த் சப்ளிமெண்ட்". துணைச் சத்துணவு என்று சொல்லலாம். அதாவது சாப்பாட்டில் குறைகிற சத்தைச் சேர்த்துக் கொடுக்கும் பொருள். சட்டத்தின் கண்ணில் அது உணவு, மருந்து அல்ல. மருந்தென்றால் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டம் கவனித்துக்கொள்ளும். உணவென்றால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம். இந்தச் சத்துப் பொருள்களுக்கென்றே 2016-ஆம் ஆண்டில் தனி விதிகள் வெளியாயின. 2022-ஆம் ஆண்டில் அவை திருத்தி அமைக்கப்பட்டன.

டப்பாவின் மேல் என்னென்ன இருக்க வேண்டும் என்று அந்த விதிகள் வரிசையாகச் சொல்கின்றன. பெயருக்கு அருகிலேயே "ஹெல்த் சப்ளிமெண்ட்" என்ற சொற்கள் வேண்டும். "மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல" என்ற எச்சரிக்கை எடுப்பாகத் தெரிய வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம், அதற்கு மேல் சாப்பிடக் கூடாது என்பது வேண்டும். பலவகை உணவுக்கு இது மாற்று அல்ல என்ற வாசகம் வேண்டும். பக்க விளைவு உண்டா, வேறு மருந்தோடு ஒத்துக்கொள்ளாதா என்பதும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பதும் வேண்டும்.

வேறு மருந்தோடு ஒத்துக்கொள்ளாதா என்ற விஷயம் லேசானதல்ல. தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அதோடு சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால், தைராய்டு மருந்து உடம்பில் சேர்வது குறைந்துபோகும். "சத்துதானே, என்ன செய்துவிடும்?" என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது.

அப்பத்தாவின் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். சொல்லப் போனால் ஆச்சரியம்தான்: எல்லா வாசகமும் இருந்தன! டப்பா பொய் சொல்லவில்லை. டப்பாவைக் கொண்டுவந்தவர்தான் சொன்னார்.

சொன்னது தமிழில், மறுத்தது ஆங்கிலத்தில்

பின் அப்பத்தா ஏமாந்தது எப்படி? டப்பா உண்மையைச் சொன்னது ஆங்கிலத்தில். விற்றவர் பேசியது தமிழில்.

இதுவும் சட்டப்படி சரிதான். 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள், விவரங்களை ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ அச்சிட வேண்டும் என்கின்றன. அதோடு கூட வேறு மொழியையும் சேர்த்துக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் கட்டாயமும் இல்லை. கட்டாயமில்லாத காரியத்துக்கு டப்பாவில் இடம் ஒதுக்க எந்தக் கம்பெனிக்கு மனம் வரும்? இடம் கிடைத்தால் சிரிக்கும் கிழவரின் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடுவார்கள்.

அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் இன்னொரு டப்பாவும் இருந்தது. பருத்திக்கு அடிக்கும் பூச்சி மருந்து. அதில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் பச்சையுமாக விஷத்தின் வேகத்தைக் காட்டும் சாய்சதுர அடையாளம் உண்டு என்பது கரிசல் சம்சாரிகளுக்குத் தெரியும். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் என்ன சொல்கின்றன தெரியுமா? இந்தி, ஆங்கிலம் இவற்றோடு, அந்தச் சரக்கு விற்கப்படும் பிரதேசத்தின் மொழி ஒன்றிரண்டிலும் லேபிள் இருக்க வேண்டும் என்கின்றன. செடியின் மேல் அடிக்கும் மருந்துக்குத் தமிழ் கட்டாயம். வயிற்றுக்குள் போகும் பொடிக்குக் கட்டாயமில்லை! விஷத்தின் விஷயத்தில் ஐம்பது வருஷத்துக்கு முன்பே உதித்த யோசனை, சத்தின் விஷயத்தில் ஏனோ இன்னும் உதிக்கவில்லை.

அச்சடிக்க வசதியில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இருக்கும் இதே விருதுநகர் மாவட்டத்தில்தான் சிவகாசி இருக்கிறது. தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கத் தொடங்கி அச்சுத் தொழிலில் கொடிகட்டிப் பறக்கும் ஊர் அது. எந்த மொழியில் கேட்டாலும், எத்தனை வர்ணத்தில் கேட்டாலும் அச்சடித்துக் கொடுப்பார்கள். "இது மருந்து அல்ல" என்ற மூன்று தமிழ்ச் சொற்களுக்கு எவ்வளவு மை செலவாகிவிடும்?

பெயரிலேயே ஒரு மயக்கம்

லேபிளில் ஒரு வார்த்தை செய்யும் வேலைக்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். வயிற்றுப்போக்கினால் உடம்பில் நீர் வற்றிப்போன குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கிறோம். உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, இன்னும் இரண்டு உப்பு வகைகள். எல்லாம் சேர்ந்து 20.5 கிராம். அந்த அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல், சர்க்கரை மிகுந்த பானங்கள் சில பெயரில் மட்டும் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துக்களை வைத்துக்கொண்டு மருந்துக் கடைகளில் உட்கார்ந்திருந்தன. வயிற்றுப்போக்கில் அதிகச் சர்க்கரை நிலைமையை மோசமாக்கும்.

ஐதராபாதைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல வருஷங்கள் போராடினார். நடுவில், "இது உலக சுகாதார ஸ்தாபனம் சொன்ன கரைசல் அல்ல" என்று ஒரு குறிப்பை அச்சிட்டால் போதும் என்று அனுமதித்துப் பார்த்தார்கள். குறிப்பை யார் படித்தார்கள்? கடைசியில் 2025-ஆம் ஆண்டு அக்டோபரில், இத்தகைய பானங்களின் பெயரில் அந்த எழுத்துக்களே கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. பெரிய எழுத்தில் பொய்யையும் சின்ன எழுத்தில் மறுப்பையும் வைத்தால், ஜனங்கள் மனத்தில் பெரிய எழுத்துத்தான் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் சத்துப் பொருள்களுக்கென்று 1994-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தார்கள். உடம்புக்கு இன்னது செய்யும் என்று டப்பாவில் எழுதினால், கூடவே "இது எந்த நோயையும் கண்டறியவோ, குணப்படுத்தவோ, தடுக்கவோ அல்ல" என்றும் எழுத வேண்டும். அங்கேயும் ஒரு பக்கம் ஆசை காட்டும் வாக்கியம். மறுபக்கம் கை கழுவும் வாக்கியம்.

டப்பாவுக்குள் உள்ள சரக்காவது லேபிளில் கண்டபடி இருக்கிறதா? கேரளத்து மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் அவருடைய சகாக்களும் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளை வாங்கிச் சோதித்து, 2024-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பொடிகளில் புரதத்தின் அளவு லேபிளில் கண்டபடி இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சுமார் நூற்றுக்குப் பதினாலில் பூஞ்சை நஞ்சு வேறு!

டப்பாவைப் படிப்பது எப்படி?

சத்துப் பொருள் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. கர்ப்பிணிகளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை அவசியமானது. ரத்தப் பரிசோதனை செய்து, இன்ன சத்துக் குறைவு என்று கண்டு டாக்டர் எழுதிக் கொடுப்பதும் அப்படியே. யாரோ வந்து, எதையோ சொல்லி விற்றுவிட்டுப் போகும் டப்பாவைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. அதைப் படிக்கும் விதத்தை அப்பத்தாவின் டப்பாவை வைத்தே சொல்கிறேன்.

முதலில், சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. அப்பத்தாவின் டப்பாவில் முதலில் இருந்த பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச் சத்திலிருந்து எடுக்கும் ஒரு தூள். வயிற்றுக்குள் போனதும் சீக்கிரமே சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஏறும். சர்க்கரைக்கு மருந்தென்று வாங்கிய பொடியில் முதல் ஸ்தானம் அதற்கு!

இரண்டாவது, சத்துக் கணக்கு. "100 கிராமில் 20 கிராம் புரதம்" என்றிருந்தது. ஆனால் நாம் 100 கிராமையா சாப்பிடுகிறோம்? ஒரு கரண்டி 10 கிராம். நாளைக்கு இரண்டு கரண்டி. ஆக ஒரு நாளைக்குக் கிடைப்பது 4 கிராம் புரதம். 400 கிராம் டப்பா 20 நாளில் தீர்ந்துவிடும். நாளொன்றுக்கு 49 ரூபாய்! ஒரு கைப்பிடி நிலக்கடலையில், 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதைவிடச் சற்று அதிகமாகவே புரதம் இருக்கிறது.

மூன்றாவது, "அன்றாடத் தேவையில் இத்தனை சதவீதம்" என்ற பத்தி. இந்தத் தேவையை நிர்ணயித்துச் சொல்வது ஐதராபாத்தில் உள்ள தேசிய சத்துணவு ஆராய்ச்சி நிலையம். அது பிறந்தது நம் குன்னூரில் என்பது பலருக்குத் தெரியாது. 1918-ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிஸன் என்ற மருத்துவர், பெரிபெரி நோயை ஆராய அங்கே ஒரே ஓர் அறையில் தொடங்கியது. 1958-இல் ஐதராபாத் சென்றது. உடம்பை வளர்ப்பதற்கென்று புரதப் பொடி சாப்பிட வேண்டாம் என்று அதே நிலையம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டியில் கூறியிருக்கிறது.

நான்காவது, பதினான்கு இலக்க உரிமம் எண். அது இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம். ஆனால் அது இருந்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். தயாரிப்பவருக்கு உரிமம் உண்டு என்றுதான் அந்த எண் சொல்கிறது. பொடி நோயைத் தீர்க்கும் என்று சர்க்கார் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் அல்ல அது.

ஐந்தாவது, வாய்ச் சொல். விற்பவர் சொல்வதும் டப்பாவில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். "சர்க்கரை குணமாகும் என்று இதில் எங்கே எழுதியிருக்கிறது, காட்டு" என்று கேட்டால் போதும். எழுதியிருக்காது, எழுதினால் குற்றம். உணவுப் பொருளுக்குப் பொய் விளம்பரம் செய்தால் பத்து லட்ச ரூபாய் வரையிலும், லேபிள் தவறாக இருந்தால் மூன்று லட்ச ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. சர்க்கரை நோயைத் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் தடுத்துவிட்டது. வீடு வீடாக வந்து விற்கிறவர்களுக்கும் 2021-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டி அனுமதி பெறாமலும் அவர்கள் வீட்டுக்கு வரக் கூடாது.

சந்தேகம் வந்தால் மாவட்டத்து உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுதலாம். பொருளைப் பரிசோதனை செய்து பார்க்கும் உரிமை வாங்குகிறவருக்கே உண்டு. வாங்கும்போதே அந்த எண்ணத்தை விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். பொருளில் குற்றம் இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இந்தப் பக்கத்துக்கு மதுரையிலேயே பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது.

மாடக்குழிக்கு வந்த யோகம்

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா, "சட்டம் கெடக்கட்டும் தம்பி, இப்ப இவுகளுக்கு என்ன செய்ய?" என்றார். நியாயமான கேள்வி.

நான் டாக்டர் அல்ல. "முதலில் ரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலை பஸ்ஸில் தாத்தாவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை கணிசமாக ஏறியிருந்தது. டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. காலில் புண் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். நல்ல வேளையாக இல்லை. "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் வேறு கதை, ஐயா" என்று மட்டும் சொல்லி, மாத்திரையை மறுபடியும் தொடங்கச் சொன்னார்.

திரும்பி வந்ததும் மாடக்குழி மாத்திரை சாமி படத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. மீதிப் பொடியைக் கீழே கொட்ட அப்பத்தாவுக்கு மனம் வரவில்லை. மல்லி விற்ற காசாயிற்றே! கடைசியில் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கொட்டிவிட்டார். ஆனால் டப்பாவை விடவில்லை. "கெட்டியான டப்பா தம்பி, வெதை மல்லி போட்டு வைக்கலாம்" என்றார்.

அதற்குள் பேத்தி ஒரு காரியம் செய்திருந்தாள். சிரித்துக்கொண்டு ஓடும் கிழவன் கிழவி படத்துக்கு மேலே, நோட்டுக்கு ஒட்டும் பெயர்ச் சீட்டு ஒன்றை ஒட்டி, கொட்டை எழுத்தில் தமிழில் எழுதியிருந்தாள்: 'இது மருந்து இல்லை.'

அப்பத்தா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். மூன்றாம் வகுப்பு வரை படித்தவராம். "இதை முன்னாடியே போட்டிருந்தா நான் வாங்கியிருப்பேனா?" என்றார்.

அதனால்தான் போடவில்லையோ, என்னவோ!